ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு: கடலூர், புதுச்சேரியில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பண்ருட்டியைச் சுற்றியுள்ள தோப்புகளில் முந்திரிக் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரே நாளில் அது அழுகத் தொடங்கிவிடும். வைட்டமின் சி நிறைந்த பழம்தான். ஆனாலும் சாறு தொண்டையைப் பிடிக்கும், அதனால் சந்தையில் விலை இல்லை. அந்தத் துவர்ப்பையும் காறலையும் நீக்கிப் பானம், ஜாம், சிரப் செய்யும் முறைகளை நம் நாட்டு ஆய்வு நிறுவனங்கள் எப்போதோ உருவாக்கிவிட்டன. முறை ஆய்வகத்தில் இருக்கிறது, பழம் தோப்பில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்கும் வேலைக்குத்தான் தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று பெயர்.

பெரிய நிறுவனங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்ள வழக்கறிஞர்களும் தனி அலுவலர்களும் உண்டு. சிறிய ஆலை நடத்துபவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை வழிநடத்துபவர்கள், படிப்பை முடித்துவிட்டு ஊரிலேயே தொழில் தொடங்க நினைப்பவர்கள் ஆகியோருக்குத்தான் யாரிடம் போவது, என்ன கேட்பது, எதில் கையெழுத்திடுவது என்று சொல்ல ஆள் இல்லை. அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். முந்திரிப்பழச் சாற்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பலாக்கொட்டை மாவு, இறால் தீவனம், மின்முலாம், கொசுப்புழுக் கொல்லி என எதைச் செய்தாலும் வரிசை ஏறத்தாழ இதுவே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முறையைப் பயன்படுத்திக்கொள்ள ஆய்வகம் எழுதித் தரும் உரிமப் பத்திரம் தொழில்நுட்பத்தில் பாதிதான். மீதி, அந்த முறையை உருவாக்கியவரின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. ஆகவே பத்திரத்துக்குப் பணம் கொடுக்கும்போது அந்த மனிதரின் நேரத்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

என்னென்ன கிடைக்கும்?

தேர்தலில் நம் விரலில் வைக்கும் அழியா மையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கியது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். உரிமத்தைக் கைமாற்றியது 1953இல் நிறுவப்பட்ட தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம். தயாரிப்பது கர்நாடக அரசுக்குச் சொந்தமான மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். 1962 பொதுத்தேர்தலிலிருந்து இந்த ஏற்பாடு நடக்கிறது. கண்டுபிடித்தவர் ஒருவர், உரிமத்தைக் கையாள்பவர் ஒருவர், ஆலை நடத்துபவர் ஒருவர் என்ற முழு அமைப்பும் இந்த ஒரு புட்டியில் இருக்கிறது. நீங்கள் வந்து சேரப்போவது மூன்றாவது இடத்தில்.

உரிமம் வாங்குவது ஒரு வகை மட்டுமே. ஆய்வு நிறுவனங்கள் பயிற்சி தருகின்றன. பொருளைச் சோதித்துச் சான்று தருகின்றன. கட்டணம் பெற்று ஆலோசனை சொல்கின்றன. உங்கள் சிக்கலுக்கென்றே ஒப்பந்த ஆராய்ச்சி செய்கின்றன. முறையைச் சிறிய அளவில் ஓட்டிப் பார்க்கும் தங்கள் முன்னோட்ட ஆலையை நாள் வாடகைக்கு விடும் நிறுவனங்களும் உண்டு. விதை, நாற்று, நுண்ணுயிர் வளர்ப்பு ஆகியவற்றின் வழியாகவும் அறிவு கைமாறுகிறது. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் கோ.சி. 671 ரகம் மகாராஷ்டிர, குஜராத் கரும்பு வயல்கள் வரை போனது. விருத்தாசலம் நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகத்தை ஒட்டுக்கன்றாக வாங்கி நட்ட உழவர் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை. அவருக்கு வந்ததும் தொழில்நுட்பம்தான்.

பணமே கைமாறாத வகையும் நம் கரையில் நடந்திருக்கிறது. 1990களின் இறுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரையில் அறிவித்தார்கள். ஆய்வுத் தரவு ஒன்று மீனவர் காதுக்குப் போக வேண்டிய வடிவத்தில் போனது. உங்களுக்கும் தேவை இவ்வளவுதான் என்றால், உரிமம் என்ற பேச்சே வேண்டாம். இரண்டு நாள் பயிற்சியிலேயே தீர்ந்துவிடும் சிக்கலுக்கு லட்சக்கணக்கில் உரிமத் தொகை கட்ட நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெளிநாட்டுடன் ஒப்பிட்டு ஒரு செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் 1949இல் தொடங்கிய ஃபிரான்ஹோஃபர் கழகத்தின் ஆய்வகங்களுக்கு அரசு தரும் அடிப்படை நிதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதியை ஒப்பந்தங்களிலிருந்து ஈட்ட வேண்டும். எம்பி3 ஒலிவடிவம் வளர்ந்த இடங்களுள் ஒன்று அது. அதன் உரிமத் தொகையும் அங்கே வந்தது. அப்படிப்பட்ட ஆய்வகம் ஆலைகளைத் தேடிப் போகும், போகாவிட்டால் சம்பளம் கொடுக்க முடியாது. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் அரசு மானியத்தில் இயங்குபவை. அங்குள்ளவர்கள் உதவ விரும்புபவர்களே, ஆனால் உங்களைத் தேடி வருமாறு அவர்களை நெருக்கும் ஏற்பாடு இல்லை. கதவைத் தட்டும் பொறுப்பு நம்முடையது.

படி 1: சிக்கலை ஒரே தாளில் எழுதுங்கள்

"உணவுப் பதப்படுத்துதலில் ஏதாவது நல்ல தொழில்நுட்பம் இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால், ஆய்வாளர் ஒரு கையேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரால் பதில் சொல்லக்கூடிய கேள்வியை நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

தாளில் இருக்க வேண்டியவை: மூலப்பொருள் என்ன, எந்த மாதங்களில் கிடைக்கும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ. உங்கள் தண்ணீரின் தன்மை. கடலூர் முதுநகர், கிருமாம்பாக்கம் போன்ற கரையோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்க வாய்ப்புண்டு என்பதால் தண்ணீரைச் சோதித்து அந்த அறிக்கையை இணைத்துவிடுங்கள். மின் இணைப்பு மும்முனையா, எத்தனை குதிரைத்திறன். ஏற்கெனவே என்ன செய்து பார்த்தீர்கள், எங்கே கெட்டுப்போனது. யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு.

கடைசி வரிதான் முக்கியமானது. ஆய்வாளருக்கு வேதியியல் தெரியும். புதுச்சேரிக் கடைக்காரர் 200 மில்லி புட்டிக்கு என்ன கொடுப்பார் என்பது தெரியாது. அந்த விலைக்குள் அடங்காத முறை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படாது. இதை நீங்கள் சொன்னால்தான் அவர் வேறு வழியைக் காட்டுவார்.

முதல் கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, பண்ருட்டி வட்டத்தில் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இயங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நாளொன்றுக்கு 500 கிலோ முந்திரிப்பழம் சேகரிக்க முடியும். சாறு பிழிந்து பார்த்தோம். காறலும், மறுநாளே புளிப்பும் ஏற்படுகின்றன. அறை வெப்பத்தில் 3 மாதம் கெடாமல் இருக்கும் பானமாகச் செய்ய விரும்புகிறோம். தங்களிடம் இதற்கான முறை இருக்கிறதா, அதன் உரிம நிபந்தனைகள் என்ன, வரும் பருவத்தில் எங்கள் பழத்தை வைத்துச் சோதனை செய்ய முடியுமா என்று தெரிவிக்க வேண்டுகிறோம். தண்ணீர்ச் சோதனை அறிக்கையை இணைத்துள்ளோம்."

இதைத் தொழில்நுட்பப் பரிமாற்றப் பிரிவுக்கு அனுப்புங்கள். அந்தத் துறையின் ஆய்வாளருக்கும் ஒரு படி போகட்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். பதில் வராதது மறுப்பாகாது. பல நேரங்களில் கடிதம் ஏதோ ஒரு மேசையில் தங்கியிருக்கும்.

படி 2: எந்தக் கதவு?

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. குரும்பாப்பட்டில் இன்றும் இயங்குகிறது. கடலூர் மாவட்டத்துக்கான நிலையம் விருத்தாசலத்தில் இருக்கிறது. பயிற்சிக்கும், யாரிடம் போக வேண்டும் என்ற தகவலுக்கும் இவையே முதல் இடம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் முந்திரியும் நிலக்கடலையும், பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் கத்தரியும் பலாவும் ஆய்வில் இருக்கின்றன. இவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள். உரிம ஒப்பந்தம் என்று வரும்போது கோயம்புத்தூருக்குப் போக வேண்டியிருக்கும்.

கடல்சார் பொருள்களுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உண்டு. இறால் வளர்ப்பு, தீவனம் என்றால் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். வனாமி பிளஸ் தீவனத்தையும், மீன் கழிவிலிருந்து செய்யும் பிளாங்க்டன் பிளஸ் என்ற பொருளையும் உரிமத்தின் பேரில் தந்த இடம் அது. நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனத்தின் பயன்பாட்டு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரியிலிருந்து ஹியூமிக் அமிலம் எடுத்துப் பயிர்களுக்குப் பயன்படுத்துவதை ஆராய்ந்திருக்கிறது.

புதுச்சேரி இந்திரா நகரில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைப் பற்றி ஊர்க்காரர்களே போதிய அளவு அறியவில்லை. கொசுப்புழுக்களைக் கொல்லும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் நுண்ணுயிரின் வி.சி.ஆர்.சி. பி17 என்ற வகையை அந்த மையம் பிரித்தெடுத்து, உற்பத்தி முறையை உருவாக்கி, பல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியிருக்கிறது. நம் வீட்டுப் பக்கத்திலேயே தொழில்நுட்பப் பரிமாற்றம் நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

புதிய கருத்து ஒன்றை முன்மாதிரியாகச் செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களுக்குப் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் அடல் இன்குபேஷன் மையம் இருக்கிறது. மண்கல் கட்டுமானம் கற்க ஆரோவில் மண் ஆய்வு நிறுவனத்தின் பயிற்சிகள் உண்டு. மண்ணை அழுத்திக் கல்லாக்க அவர்கள் வடிவமைத்த 'ஆரம்' என்ற இயந்திரமும் பயிற்சியோடு சேர்ந்தே பரவியது.

அடுத்த வட்டம் சற்றுத் தொலைவு. உணவுக்குத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். முந்திரிக்கென்றே கர்நாடகத்தின் புத்தூரில் ஓர் ஆராய்ச்சி இயக்ககம். தோலுக்குச் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். மின்முலாம், மின்கலம், துரு ஆகியவற்றுக்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே வந்தது. கடற்காற்றில் படகு எஞ்சினும் கட்டடக் கம்பியும் துருப்பிடிக்கும் நம் ஊரிலிருந்து அங்கே போகிறவர்கள் இன்னும் அதிகமாக இருக்க வேண்டும்.

படி 3: எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேளுங்கள்

ஆய்வகத்தில் வெற்றி பெற்றது என்றால் ஆலையில் ஓடும் என்று பொருளில்லை. இதை அளக்க நாசா 1970களில் வகுக்கத் தொடங்கிய ஓர் அளவுகோல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. தொழில்நுட்பத் தயார்நிலையில் 9 நிலைகள். 1 என்றால் அடிப்படைக் கருத்து. 4 என்றால் ஆய்வகத்தில் செய்து காட்டியாயிற்று. 9 என்றால் நடைமுறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 4, 5ஆம் நிலையில் நிற்பதை வாங்கினால் மீதித் தூரத்தை உங்கள் பணத்தில்தான் கடக்க வேண்டும். சிறு தொழில்முனைவோர் 7க்குக் கீழே இருப்பதை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கீழ்நிலையில் இருப்பது பிடித்துவிட்டதா? உரிமத்துக்குப் பதிலாகக் கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தம் கேளுங்கள்.

எண்ணைக் கேட்டால் சிலர் தாராளமாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் வேறு விதமாகக் கேளுங்கள். ஒரே தடவையில் அதிகபட்சம் எத்தனை லிட்டர் செய்திருக்கிறீர்கள்? இடைவிடாமல் எத்தனை நாள் ஓட்டினீர்கள்? எந்த ஊர்ப் பழம்? புட்டியில் அடைத்து எத்தனை மாதம் வைத்துப் பார்த்தீர்கள், குளிர்பெட்டியிலா வெளியிலா? கழிவு எவ்வளவு, அதை என்ன செய்தீர்கள்?

பிறகு இன்னொன்று: "இதற்கு முன் யார் யார் உரிமம் வாங்கினார்கள், அவர்களோடு பேசலாமா?" முன்பு வாங்கியவர் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவது, ஒரு கட்டுக் கையேட்டைப் படிப்பதைவிட மேலானது. இயந்திரத்தை எங்கே செய்வித்தார், எது ஓடவில்லை, ஆய்வாளர் அழைத்தால் வருகிறாரா என்றெல்லாம் அவர்தான் சொல்வார். வாங்கிய பலரில் ஒருவர்கூட உற்பத்தி செய்யவில்லை என்று தெரிந்தால், காரணம் புரியும்வரை நகராதீர்கள்.

படி 4: உங்கள் பொருளை வைத்துச் சோதனை

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. மூலப்பொருள் மண்ணுக்கு மண் மாறும், ரகத்துக்கு ரகம் மாறும். புத்தூரில் அந்த ஊர்ப் பழத்தை வைத்துத் தீர்மானித்த அளவு நம் செம்மண் காட்டுப் பழத்துக்குச் சரியாக வராமல் போகலாம்.

முந்திரிப்பழத்தில் காறலுக்குக் காரணம் பெரும்பாலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். சவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி அல்லது ஜெலட்டினைக் கரைத்துச் சாற்றில் சேர்த்தால், டானின் அதோடு சேர்ந்து திரிந்து அடியில் படியும். மேலே தெளிந்து நிற்பதை வடித்தெடுக்கலாம். படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு நேரம் விடுவது, தெளிந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்வது என்பதெல்லாம் பழத்தைப் பொறுத்தது. குறைத்துச் சேர்த்தால் காறல் நிற்கும். கூட்டிச் சேர்த்தால் சாறு கலங்கலாகவே இருக்கும். பார்த்த உடனே சொல்லிவிடும் கண் அந்த ஆய்வாளருக்கு உண்டு. உங்கள் ஆலையில் வேலை செய்பவருக்கு அந்தக் கண் வர வேண்டும். அதனால் சோதனைக்கு முதலாளி மட்டும் போகாதீர்கள். நாளை இயந்திரத்தின் முன்னால் நிற்கப்போகிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

ஒரே நாளில் கெடும் பழத்தைப் பண்ருட்டியிலிருந்து மைசூருக்குக் கொண்டுபோவது எப்படி என்ற கேள்வி எழும். ஆய்வாளரை ஊருக்கு வரவழைப்பது நல்லது. பயணச் செலவும் ஆலோசனைக் கட்டணமும் கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள். முடியாவிட்டால் இங்கேயே சாறு பிழிந்து, அவர்கள் சொல்லும் அளவில் பதப்பொருள் சேர்த்து, குளிர்பெட்டியில் எடுத்துப் போகலாம். பக்கத்திலுள்ள தஞ்சாவூரில் சோதனை நடத்த முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பருவம் காத்திருக்காது. மார்ச் முதல் மே வரை விட்டால் அடுத்த வாய்ப்பு ஓராண்டுக்குப் பின்புதான். ஏப்ரலில் சோதனை வேண்டுமென்றால் தீபாவளியை ஒட்டிக் கடிதம் போக வேண்டும், பொங்கலுக்குள் கட்டணம் கட்டி நாள் குறித்திருக்க வேண்டும். அரசு நிறுவனங்களில் மார்ச் நிதியாண்டு முடிவு என்பதால் அந்த மாதத்தில் எந்தக் கோப்பும் வேகமாக நகராது. பலாவுக்கும் இதே கணக்கு, ஒரு மாதம் தள்ளி.

எழுத்தில் முடிவைக் கேட்டு வாங்குங்கள்: எத்தனை கிலோவுக்கு எத்தனை லிட்டர், சுவை, நிறம், நுண்ணுயிர் எண்ணிக்கை, கெடாமல் இருந்த காலம். வங்கியில் கடன் கேட்கும்போது இந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

படி 5: இரகசியமும் காப்புரிமையும்

உங்களிடம் சொந்தமாக ஒரு புதுமை இருந்தால் விவரங்களைப் பேசுவதற்கு முன் இரகசியக் காப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நிறுவனங்களிடம் தயார் படிவமே இருக்கும். கண்காட்சியிலோ மாநாட்டிலோ வெளியிட்ட பிறகு காப்புரிமை கேட்பது மிகவும் கடினம். முதலில் புதுமையின் சாரத்தைச் சொல்லும் தற்காலிக விவரணத்துடன் விண்ணப்பித்துவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரணம் தரலாம். காப்புரிமையின் காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. சிறு நிறுவனங்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு.

வாங்குபவராக நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அவர்கள் தருவது காப்புரிமை பெற்ற முறையா, விண்ணப்பித்து நிலுவையில் இருப்பதா, காப்புரிமை இல்லாத செய்முறை அறிவா? மூன்றுமே வாங்கத் தகுந்தவைதான், விலை மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்த்துவிடலாம். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதியானதும் அதில் தெரியும். நம் மரம், செடி, நுண்ணுயிர்களைக் கொண்டு நீங்களே காப்புரிமை கேட்பதாக இருந்தால், சென்னை தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

படி 6: ஒப்பந்தம்

பொதுவாக இரண்டு வகையில் பணம் கேட்பார்கள்: தொடக்கத்தில் ஒரு தொகை, பிறகு விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காடு ராயல்டி. தொடக்கத் தொகையோடு முடித்துவிடும் நிறுவனங்களும் உண்டு. ஜிஎஸ்டி தனி. ராயல்டி எதன் மீது என்று பாருங்கள்: மொத்த விற்பனையா, வரியும் தள்ளுபடியும் போக நிகர விற்பனையா? உற்பத்தி தொடங்கும்வரை ராயல்டி இல்லை என்ற இடைக்காலம் இருக்கட்டும்.

பலருக்கும் தரும் உரிமமா, உங்களுக்கு மட்டுமா என்பது அடுத்தது. புதியவர்கள் தனி உரிமத்துக்கு ஆசைப்படுகிறார்கள். அதற்குத் தொகையும் கூடும், குறைந்தபட்ச உற்பத்திக் கெடுவும் வரும். பழச்சாறு போன்ற பொருளுக்குப் பொது உரிமமே போதும். புதுக்கோட்டையில் இன்னொருவர் அதே முறையில் செய்வதால் உங்கள் விற்பனை குறையாது. உங்களைக் காப்பாற்றப்போவது பழம் கிடைக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதும், கைத்தேர்ச்சியும்தான்.

தொகையைக் குறைக்கச் செலவிடும் பேச்சை, ஆட்களின் நேரத்தைக் கூட்டுவதற்குச் செலவிடுங்கள். அரசு நிறுவனங்களில் தொகையைக் குழு தீர்மானித்துவிடும். அதில் அசைவு குறைவு. சேவையில் அசைவு உண்டு. ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: உங்கள் ஆட்கள் எத்தனை பேருக்கு எத்தனை நாள் பயிற்சி, உங்கள் ஆலையில், உங்கள் இயந்திரத்தில் அவர்கள் முன்னிலையில் எத்தனை தொகுதி (ஒரே தடவையில் செய்யும் அளவு ஒரு தொகுதி) ஓட்டிக் காட்ட வேண்டும், முதல் ஆண்டில் எத்தனை முறை வருவார்கள், அந்த ஆய்வாளர் மாற்றலாகிப் போனாலோ ஓய்வு பெற்றாலோ யார் பொறுப்பு, முறையில் பின்னால் அவர்கள் செய்யும் மேம்பாடு உங்களுக்குக் கட்டணமின்றி வருமா, நீங்கள் செய்யும் மேம்பாடு யாருடையது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஸ்வராஜ் டிராக்டரின் வரலாறு. 1960களின் நடுவில் துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உள்நாட்டு அறிவிலேயே ஒரு டிராக்டரை வடிவமைத்தது. 1970இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் உருவானது. வரைபடங்கள் மட்டும் பஞ்சாபுக்குப் போகவில்லை. சந்திர மோகன் தலைமையில் அதை வடிவமைத்த பொறியாளர்களே அங்கே போய் ஆலையை எழுப்பினார்கள். 1974இல் டிராக்டர் வெளிவந்தது. வரைபடத்தை மட்டும் தபாலில் அனுப்பியிருந்தால் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நமக்கு ஒரு குழுவே வந்து சேராது. ஓர் ஆய்வாளர் சில நாள் வந்து நம் ஆட்களோடு நின்றால் போதும், அந்தச் சில நாள்களைத்தான் பத்திரத்தில் எழுதச் சொல்கிறேன்.

கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். காப்புரிமை தொடர்பான உரிமம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அதைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது யார் பொறுப்பு என்பதையும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: உரிமம் வந்தபின் வேண்டிய அனுமதிகள்

ஆய்வகம் தரும் உரிமம் விற்பனைக்கான அனுமதி ஆகாது. உணவுக்கு உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் உரிமம் தனியாக வேண்டும். கொசுப்புழுக் கொல்லி என்றால் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். அதற்குக் காலமும் செலவும் அதிகம் என்பதால் திட்ட அறிக்கையிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒன்று: தமிழ்நாடும் புதுச்சேரியும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. கடலூரிலிருந்து பாகூர் பக்கம் போனால் எந்தத் தெரு எந்த அரசு என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஆலையின் சர்வே எண் தமிழ்நாட்டில் இருந்தால் கடலூர் மாவட்டத் தொழில் மையம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். புதுச்சேரியில் இருந்தால் அங்குள்ள மாவட்டத் தொழில் மையம், புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். மானியத் திட்டங்களும் வேறு. புதிய தொழில்முனைவோருக்கான தமிழ்நாட்டின் நீட்ஸ் திட்டம் எல்லை தாண்டி வராது. பழம் பண்ருட்டியில், ஆலை சேதராப்பட்டில் என்று திட்டமிட்டால் லாரி வாடகையோடு இந்த வேறுபாட்டையும் கணக்கிட்டு, இடம் வாங்கும் முன்பே இரு மையங்களிலும் விசாரித்துவிடுங்கள். குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டம் 2020இல் தொடங்கியது; திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்ற கணக்கில் வந்தது. இப்போது விண்ணப்பம் பெறப்படுகிறதா என்று அதே மையத்தில் சொல்வார்கள்.

படி 8: முதல் ஓராண்டு

இயந்திரம் வந்த நாளிலிருந்து ஒரு பேரேடு வையுங்கள். எந்தத் தோப்புப் பழம், பறித்த நேரம், பிழிந்த நேரம், சேர்த்த சவ்வரிசியின் அளவு, சூடாக்கிய வெப்பம், புட்டி அடைத்த நேரம், தொகுதி எண். கெட்டுப்போன தொகுதியில் இரண்டு புட்டியைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். ஆய்வாளரிடம் "சாறு கெட்டுவிட்டது" என்று சொல்வதற்கும், இந்தப் பேரேட்டையும் புட்டியையும் அவர் முன்னால் வைப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. பேரேட்டைப் பார்த்தால், பறித்ததற்கும் பிழிந்ததற்கும் நடுவே ஆறு மணி நேரம் போயிருப்பது அவருக்கு உடனே தெரியும்.

ஒப்பந்தத்தில் எழுதிய வருகை நாள்களை முழுமையாகப் பயன்படுத்துங்கள். நன்றாக ஓடுகிறதே, எதற்கு அழைப்பது என்று விட்டுவிடாதீர்கள். அவர் வரும்போது பொறுப்பாளர் ஒருவர் மட்டுமல்லாமல் இரண்டு மூன்று பேர் கூட நின்று கற்றுக்கொள்ளட்டும்; தேர்ந்தவர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஆலை நின்றுவிடக் கூடாது. நீங்கள் கண்டறிந்த மாற்றங்களையும் அவருக்கு எழுதுங்கள். நம் செம்மண் பழத்துக்கு எது ஒத்துவந்தது என்ற தகவல் அவருடைய அடுத்த ஆய்வுக்குத் தேவை.

விற்பனை அறிக்கையை ஒப்பந்தத்தில் சொன்ன தேதியில் அனுப்பிவிடுங்கள். புயலாலோ வேறு எதனாலோ உற்பத்தியே நடக்காத ஆண்டும் வரும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோது இம்மாவட்டத்தின் முந்திரி, பலா மரங்கள் கணக்கின்றிச் சாய்ந்தன. அப்படிப்பட்ட ஆண்டில் பூஜ்யம் என்று குறிப்பிட்டு, காரணத்தை ஒரு பத்தியில் எழுதி, குறைந்தபட்ச ராயல்டி விதி இருந்தால் அதிலிருந்து விலக்கும் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். இயற்கைப் பேரிடர் பற்றிய பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அந்தக் கடிதத்துக்கு வலு. ஆகையால் கையெழுத்திடும் நாளில் அந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.